ஒரு நிமிடம் முந்தி வந்த கோள்

ஒரு கோள் தன் சூரியனுக்குள் விழப்போகிறது என்று என் மனைவி சொன்னபோது நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. கொல்கத்தாவின் நியூ டவுனிலிருந்து கிடர்பூரில் இருக்கும் என் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஏழே முக்காலுக்குள் வாசலைத் தாண்டாவிட்டால் அன்றைக்கு முழுவதும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். இன்றைக்கா என்று கேட்டேன். தோசைக்கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்றைக்கில்லை, பல லட்சம் வருடம் ஆகும் என்றாள். அப்படியானால் நான் ஆபீசுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. ஒரு கோள் விழப்போவதை எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து கண்டுபிடித்திருக்கிறாள். அதைக் கேட்ட முதல் ஆள் நான். நான் செய்தது கிண்டல்.

அவள் இருபத்தாறு வருடம் இந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏற முடியாமல் போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். ஓய்வு பெற்ற முதல் மாதம் அலமாரிகளை ஒழுங்குபடுத்தினாள். இரண்டாம் மாதம் என்னை ஒழுங்குபடுத்தப் பார்த்தாள். நல்லவேளையாக எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அறிவியல் மன்றம் இருந்தது. அதை நடத்துபவர் ஓய்வு பெற்ற வங்காளிப் பேராசிரியர். எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். தொலைதூரக் கோள்கள் தங்கள் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்றும், கணக்குத் தெரிந்த யாரும் அதில் சேரலாம் என்றும் அவர்தான் இவளிடம் சொன்னார். அன்றோடு நான் தப்பித்தேன்.

அவள் எடுத்துக்கொண்ட நட்சத்திரம் நம் சூரியனைப் போன்றதுதான். எடையும் ஏறக்குறைய அதேதான், வயதுதான் அதிகம். மையத்தில் எரிவதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், மேலுடம்பு மெல்ல ஊதத் தொடங்கியிருக்கிறது. அதை ஒட்டியபடி ஒரு பெரிய கோள், மூன்று நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. அங்கே ஒரு குழந்தை திங்கட்கிழமை பிறந்தால் வியாழக்கிழமைக்குள் முதல் பிறந்தநாள் கொண்டாடிவிடலாம். அந்தக் கோளிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கிழச் சூரியன் நம்முடையதைப் போல நாற்பது மடங்கு அகலத்தில் தெரியும் என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான் பால்கனிக்குப் போய் மாலைச் சூரியனைப் பார்த்தேன். நாற்பது சூரியன்களை வரிசையாக வைத்துப் பார்க்க முயன்றேன். விமான நிலையத்துப் பக்கம் இருக்கிற கட்டடங்கள் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அது நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நட்சத்திரத்தை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாது. கொல்கத்தா வானத்தில் கேட்கவே வேண்டாம். விண்வெளித் தொலைநோக்கி சில வருடங்களுக்கு முன்பு எடுத்து வைத்த அளவுகளையும், பல நாட்டுப் பார்வையாளர்கள் அண்மையில் எடுத்த அளவுகளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வேலைக்கு வரும் மாஷி பதினோரு மணிக்குக் கிளம்பியதும் இவள் மடிக்கணினியைத் திறப்பாள். கோள் குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. அந்தச் சின்னப் பள்ளத்தின் நடுப்புள்ளி எத்தனை மணிக்கு என்று வினாடி சுத்தமாகக் கணக்கிடுவாள். வருடக்கணக்கில் அப்படிச் சேர்த்துப் பார்த்ததில், இப்போதெல்லாம் அந்தக் கோள் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக முந்தி வருகிறது என்று தெரிந்தது. சுற்று சுருங்கினால்தான் முந்தி வர முடியும். சுருங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் உள்ளே போய்விடும்.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தபோது, ஏன் சுருங்குகிறது என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலில் நான் கையில் எடுத்த தோசைத் துண்டை மறந்துவிட்டேன். காரணம், ஓதம்.

என் பிழைப்பே ஓதம்தான். தூத்துக்குடியிலிருந்து வந்து முப்பத்திரண்டு வருடமாகக் கிடர்பூர் துறைமுகத்தில் ஆற்று நீர் ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கு வைப்பவன் நான். ஹூக்ளியில் மணல் திட்டு அதிகம். நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் கப்பல் உள்ளே வர முடியும். ஜோவார், அதாவது ஏற்றம், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. ஏற்றம் சடசடவென்று வரும், இறக்கம் சாவகாசமாகப் போகும். இந்த ஆற்றின் குணம் அது. நிலவு இழுக்கிறது, தண்ணீர் எழுகிறது என்று துறைமுகம் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் நெருப்பிலும் ஓதம் எழும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்தக் கோள் தன் சூரியனின் உடம்பை இழுக்கிறது. கொதிக்கிற அந்த உடம்பு ஒரு பக்கம் புடைக்கிறது. கிழச் சூரியன் மெதுவாகச் சுழல்கிறது. கோளோ ஓட்டமாக ஓடுகிறது. அதனால் அந்தப் புடைப்பு எப்போதும் கோளுக்குக் கொஞ்சம் பின்தங்கியே நின்று, கோளைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே நேர்மாறு. பூமி வேகமாகச் சுழல்கிறது, நிலவு மெதுவாகப் போகிறது. அதனால் நம் ஓதம் நிலவை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

அன்று ஆபீசில் அளவுக்கருவியின் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. படித்துறையில் சேற்றுத் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையோ கோடி கோடி மைல் தொலைவில் ஒரு சூரியனின் உடம்பில் ஏறுவதும் இதே கணக்குதான். இத்தனை வருடம் சம்பளத்துக்காகப் பார்த்த ஒன்றை அன்றுதான் கும்பிடத் தோன்றியது. பக்கத்து மேசைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அன்று மாலை அவள் வரைபடத்தைக் காட்டினாள்.

பழைய அளவுகள் எல்லாம் ஒரு கோட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. புதிய அளவுகள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குக் கீழே, அதாவது நேரத்துக்கு முந்தி, ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தன. சறுக்கு மரம் போலச் சரிந்து வரவில்லை. படிக்கட்டு போல ஒரே ஒரு படி. விழுகிற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழும். ஒரே படியாக இறங்கினால் மாறியது கடிகாரம் மட்டும்தான். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், இதே முட்டாள்தனத்தை நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், மக்கிப்போன பழைய ஓதப் பதிவேடுகளைப் படியெடுக்கச் சொன்னார்கள். இளரத்தம், படியெடுத்ததோடு விடாமல் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கிடர்பூரில் ஏற்றம் முன்னைவிட இருபத்துமூன்று நிமிடம் முந்தி வந்துகொண்டிருந்தது. ஆற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தியதால்தான் இப்படி என்று முடிவு கட்டி, மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதி, அதிகாரிகள் அத்தனை பேருக்கும் நகல் அனுப்பினேன். கொல்கத்தாவுக்கு அந்தக் காலத்தில் தனி நேரம் இருந்தது. இந்திய நேரத்தைவிட இருபத்துமூன்று நிமிடம் சொச்சம் கூடுதல். சுதந்திரம் வந்த பிறகுதான் அதை விட்டார்கள். பழைய பதிவேடுகள் அந்த நேரத்தில் எழுதப்பட்டவை. இதை எனக்குச் சொன்னது அதிகாரி அல்ல, தேநீர் கொண்டுவந்தவர். அதன் பிறகு ஒரு வருடம் நான் எங்கே போனாலும், தண்ணீர் வந்துவிட்டதா என்று யாராவது கேட்பார்கள்.

ஆகவே அவளுடைய வரைபடத்தைப் பார்த்ததும் என் நாக்கு நுனியில் கேள்வி வந்து நின்றது. நான் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. பிறரைத் திருத்துவது எனக்கு ஒரு வியாதி. சில வருடங்களுக்கு முன்பு வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் அவள் ஏதோ கணக்குச் சொல்ல, நான் அது தப்பு என்றேன். சரியாகத்தான் சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அதன் பிறகு விருந்தாளிகள் முன்னால் அவள் எண்களே பேசுவதில்லை. ஒரு கணக்கு டீச்சரை நான் அப்படி ஆக்கி வைத்தேன். இப்போது அவள் தொண்டை திறந்து பாடிக்கொண்டு பாத்திரம் அடுக்குகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு காலை, மன்றத்தில் இதைப் பற்றிப் பேச தாதா அவளை அழைத்திருக்கிறார். அதற்காக டாங்காயில் என்கிற வங்காளக் கைத்தறிச் சேலை எடுத்திருக்கிறாள். வங்காளியில் பேச வேண்டும் என்று குளியலறைக்குள் ஒத்திகை பார்க்கிறாள். பேசி முடித்ததும் கணக்கை அந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் உலகக் குழுவுக்கு அனுப்பப்போகிறாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கடிகாரம் என்று நான் எப்படிக் கேட்பது?

எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதன் பலனைப் பஸ் கண்டக்டர் அனுபவித்தார், மாஷி அனுபவித்தாள், லிஃப்டில் கூட வந்த ஒரு நாய்கூட அனுபவித்தது. ஒருவேளை அவள் எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றியிருக்கலாம், எனக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிடம் அந்தப் படிக்கட்டு கண் முன்னால் வரும். மன்றத்தில் எவனாவது எழுந்து கேட்டுவிட்டால்? கேட்காமல் விட்டு, உலகக் குழுவுக்குப் போன பிறகு அவர்கள் கேட்டால்? தண்ணீர் வந்துவிட்டதா என்பது போல அவளைப் பார்த்து யாராவது சிரித்தால் நான் தாங்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். அவள் மேசையில் உட்கார்ந்து பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டேன்.

"அந்தப் புள்ளியெல்லாம் எந்தக் கடிகாரம்?"

அவள் நிமிர்ந்தாள். ஒரே கடிகாரம்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பழைய கோப்பைத் திறந்தாள். முதல் சில வரிகளைப் படித்தாள். பிறகு புதிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் சமையலறைக்குப் போய் அடுப்பில் காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்கி வழிந்தது.

விஷயம் இதுதான். நாம் கையில் கட்டியிருக்கும் நேரம் பூமியின் சுழற்சியை விட்டு விலகாமல் இருக்க, அவ்வப்போது ஒரு வினாடி நிறுத்தி வைக்கப்படுகிறது. கோள்களின் கணக்குக்கென்று வைத்திருக்கும் நேரம் அப்படி யாருக்காகவும் நிற்பதில்லை. இப்போது அந்த நேரம் நம்முடையதைவிட அறுபத்தொன்பது வினாடி முன்னே போய்விட்டது. விண்வெளித் தொலைநோக்கியின் பழைய அளவுகள் அந்த நிற்காத நேரத்தில் இருந்தன. பார்வையாளர்களின் புதிய அளவுகள் நம் நேரத்தில். அவள் இரண்டையும் ஒரே தாளில் போட்டிருந்தாள்.

மாற்றிப் போட்டதும் படிக்கட்டு மறைந்தது. கோடு நேராக ஓடியது. கோள் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. "எப்பத்துல இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வாரமே. எட்டு நாளா."

"தப்புன்னு அன்னைக்கே சொல்லிருந்தா ஒரு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். எட்டு நாள் என்னைக் கோட்டிக்காரி மாதிரி சந்தோசமா இருக்க விட்டுட்டியளே."

அவள் மூக்கை உடைத்துவிடுவேனோ என்று பயந்து, அதைவிடப் பெரிதாக ஒன்றை உடைத்திருந்தேன். அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுவதும் பேச்சில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. மாலையில் அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. நாளைக்குக் கிடர்பூரில் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கூட்டத்துக்கு வரமுடியாது என்று தாதாவிடம் சொல்லப்போகிறாளோ என்று மட்டும் நினைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் புதுச் சேலையோடு கிளம்பினாள். நான் பின்னால் போனேன். சமுதாயக் கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் அவள் பௌதி, அண்ணி. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் வங்காளியில் பேசினாள். என் வங்காளி கப்பல்காரர்களிடம் கற்றது; அவளுடையது பிள்ளைகளிடம் கற்றது, சுத்தமானது. முதலில் அந்தக் கிழச் சூரியனையும் அதன் கோளையும் சொன்னாள். பிறகு தப்பான வரைபடத்தைத் திரையில் போட்டாள். இதை நம்பி, கோள் விழுகிறது என்று ஊரெல்லாம் சொல்லவிருந்தேன், இது என் பிழை என்று சொன்னாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். திருத்திய வரைபடத்தைப் போட்டாள். கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். முடிந்தது, இனி கொடுக்கிற இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுக் கலையவேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

அவள் நிறுத்தவில்லை. அந்த அறுபத்தொன்பது வினாடி அங்கிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது என்று நேற்று முழுவதும் தேடினேன் என்றாள். நம் நேரத்தை ஏன் அவ்வப்போது நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது? பூமி தளர்கிறது. அதன் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. குறைப்பது பெரும்பாலும் ஓதம். நிலவு எழுப்பும் தண்ணீர் கடலடியிலும் கரையிலும் உரசி உரசிப் பூமியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அந்தக் கோள் முந்தி வரவில்லை, நாம்தான் பின்தங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சூரியனின் ஓதத்தை அளந்ததாக நினைத்து நான் அளந்தது நம்முடைய ஓதத்தை.

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது கிடர்பூர் படித்துறையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அந்த ஒரு நிமிடத்தில் அந்தத் தண்ணீருக்கும் ஒரு துளி பங்கு உண்டு என்றாள்.

மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. முப்பத்திரண்டு வருடமாக நான் எழுதி வைத்த ஒவ்வொரு ஏற்றமும் பூமியின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறது. அதை நான் அறியாமல் மணியும் அடியும் மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கொதிக்கிற ஒரு சூரியனையும் எங்கள் சேற்று ஆற்றையும் அவள் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். அதுவும் தன் தப்பை வைத்தே.

முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள், அப்படியானால் அந்தக் கோள் பிழைத்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, அது விழத்தான் போகிறது, விழுவது நம் அளவுகளில் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றாள் என் மனைவி. உண்மையாக எவ்வளவு முந்துகிறது என்று பார்க்க இன்னும் பதினைந்து வருடமாவது விடாமல் அளக்க வேண்டும் என்றாள். தாதா எழுந்து கைதட்டினார். பிறகு எல்லோரும்.

திரும்பும்போது இரண்டு பேரும் லிஃப்டுக்குக் காத்து நின்றோம். ஞாயிற்றுக்கிழமையில் அந்த லிஃப்ட் வர யுகம் ஆகும். அவள் முழங்காலுக்காகச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, நன்றாகப் பேசினாய் என்றேன். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பதினஞ்சு வருசம் அளக்கணும். எனக்கு எழுபது ஆயிரும். கூட இருப்பியளா?"

"இருப்பேன். நேரத்தை நான் பாத்துக்கிடுதேன்."

லிஃப்டின் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கோளுக்கு லட்சக்கணக்குல வருசம் கெடக்கு. நமக்கு எட்டு நாள்ங்கிறது ரொம்பப் பெருசு. இனிமே எதுன்னாலும் அன்னைக்கே சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். லிஃப்ட் வந்தது. உள்ளே ஏறியதும், அவள் கட்டியிருந்த புதுச் சேலையின் நிறம் எனக்குப் பிடிக்கவே இல்லை என்று சொன்னேன். அந்த எட்டு நாளுக்குப் பிறகு அவள் அப்போதுதான் சிரித்தாள்.